சம்படத்தை மட்டும் குடுத்துரு

புரட்டாசி 20, திங்கள்

சரஸ்வதி பூஜைக்கு இறக்கிய பாத்திரங்களை இன்றுதான் பரணில் ஏற்றினேன். ஏற்றும் முன் சரிபார்ப்பது வழக்கம். எல்லாம் இருக்கிறது, அந்த எவர்சில்வர் சம்படத்தைத் தவிர. அடியில் ‘கு. கமலவேணி’ என்று பேர் வெட்டினது. பக்கவாட்டில் ஒரு நசுங்கல். நிரஞ்சனா ஆறு வயதில் அதைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று, சாமி படத்துக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த பர்பியை எட்டப் பார்த்ததில் விழுந்த நசுங்கல்.

சித்திரையில் அதில் முறுக்கு போட்டுச் சென்னையில் இருக்கும் அவளுக்கு அனுப்பினேன். முறுக்கு போய்ச் சேர்ந்தது. சம்படம் திரும்பி வரவில்லை. போன் பேசும்போதெல்லாம் கேட்கிறேன். “குடுக்கறேம்மா” என்கிறாள். ஆடி மாதம் முழுக்க அவளுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே “குடுக்கறேம்மா” என்றாள். கஷாயப் பொடி அரைத்து அனுப்பினேன். பிளாஸ்டிக் டப்பாவில்தான் அனுப்பினேன். ஒரு தரம் பட்டால் போதும்.

முருகன் கணக்கு: நிரஞ்சனாவுக்கு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தால் பழனியில் இவருக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருந்தேன். வேலை கிடைத்து ரொம்ப நாள் ஆகிறது. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இவர் முடியோ தானாகவே கழன்று வருகிறது. முழுசாகக் கொட்டுவதற்குள் தீர்க்காவிட்டால், முருகன் என்னை மோசடிக்காரி என்பான்.

புரட்டாசி 22, புதன்

இவர் மோட்டார் வைண்டிங் கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போனை நீட்டினார்.

“ஏம்புள்ள, நம்ம நிரு பாட்டு ஒலகமெல்லாம் ஓடுது. கடைக்கு வர்றவன் போற‌வனெல்லாம் இதையே பாடறான்.”

வேலை முடிந்து அறைக்கு வந்ததும் கிட்டாரை வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடி இன்டர்நெட்டில் போடுவது அவள் பழக்கம். இதுவரை நாங்கள் இருவரும், அவளுடைய ஆபீஸ்காரர்கள் நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். இந்தப் பாட்டை லட்சக்கணக்கான பேர் கேட்டிருக்கிறார்களாம். பாட்டின் பேர் ‘சம்படம்’.

*போட்டோ எல்லாம் நீயே வெச்சுக்கோ*
*பொய் எல்லாம் நீயே வெச்சுக்கோ*
*அந்தச் சம்படத்தை மட்டும் குடுத்துரு*
*எங்கம்மா கேக்குறாங்க*

ஊரில் எவளெவளோ ஏதேதோ சாமான் கேட்கிறாள். பாட்டில் ஏற்றிவிட்டது என்னை மட்டும்தான்.

“இது காதல் தோல்விப் பாட்டு புள்ள” என்றார் இவர், ரசத்தைப் பிசைந்துகொண்டே.

“அவளுக்கு என்னங்க தோல்வி? சம்படம் போனது எனக்கு.”

“பையன் யாருன்னு கேக்க மாட்டியா?”

“பாட்டுன்னா பையன் இருக்கோணுமா? சும்மா கற்பனை பண்ணியிருப்பா.”

இவர் என்னைப் பார்த்தார். நான் மோர் ஊற்றினேன்.

புரட்டாசி 24, வெள்ளி

பொய் சொல்லிவிட்டேன். அதுவும் கோயிலில் வைத்து.

எங்கள் காலனி பாலமுருகன் கோயிலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடிப் பாடுவோம். செல்வநாயகி அக்காதான் எங்களுக்குத் தலைவி. அவர் வீட்டுக்காரர் கோயில் கமிட்டித் தலைவர் என்பதால் மைக் எப்போதும் அக்கா கையில் இருக்கும். குரல் எனக்கு நன்றாக இருப்பதால் முதல் அடி எடுத்துக் கொடுப்பது நான்.

இன்று போய் உட்கார்ந்ததும் எதிர்வீட்டு சரோஜா, “கமலாக்கா, உங்க நிரு ஆரைப் பத்திப் பாடியிருக்கறா?” என்றாள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எதிரே முருகன் வேலைப் பிடித்துக்கொண்டு, அவனும் கேட்பது போலவே நின்றான்.

“முருகனைத்தான்” என்று சொல்லிவிட்டேன்.

பொய்யை முருகன் தலையில் கட்டியதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கினேன். அதற்குள் செல்வநாயகி அக்கா கண்ணை மூடிவிட்டார்.

“நான் கேட்டதுமே நெனைச்சேன். சம்படம்ங்கறது இந்த ஒடம்பு. அம்மாங்கறது பராசக்தி. ‘நான் குடுத்து உட்ட ஒடம்ப எங்கடி வெச்சே’ன்னு அம்மா கேக்கறா. புள்ள முருகங்கிட்டப் போய் அழுவறா. எத்தனை பெரிய தத்துவம் பாருங்க.”

சரோஜா கையை நீட்டி மயிர்க்கால் சிலிர்த்திருப்பதைக் காட்டினாள். சாமியைத் திட்டிப் பாடுவது நமக்குப் புதிதல்ல, பெரிய பெரிய அடியார்களே திட்டியிருக்கிறார்கள் என்றார் அக்கா. கந்த சஷ்டி முடிந்து வரும் திருக்கல்யாணத்தில் இந்தப் பாட்டைத்தான் பாட வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும் முருகனைப் பார்த்து வள்ளி பாடுவதாக வைத்துக்கொள்ளலாமாம்.

பிரசாதம்: சுண்டல். உப்பு இல்லை.

புரட்டாசி 27, திங்கள்

முழுப் பாட்டையும் எழுதிப் பார்த்ததில்தான் சிக்கல் தெரிந்தது. இரண்டாவது சரணம்:

*புல்லட்டுல ஏத்திக்கிட்டுப் போனே*
*பாலத்து மேல பறக்கலாம்னே*
*பாதி வழியில எறக்கி உட்டே*
*பஸ் காசும் வாங்கிட்டுப் போனே*

புல்லட்டை மயில் ஆக்கினோம். பாலத்தை மலை ஆக்கினோம். பஸ் காசுக்கு மட்டும் எதுவும் சரிப்படவில்லை.

“இருக்கட்டும்” என்றார் செல்வநாயகி அக்கா. “உண்டியல்ல போட்ட காசச் சொல்றா.”

“பொம்பளப்புள்ளகிட்ட பஸ் காசு வாங்கிட்டுப் போறவன் என்ன ஆம்பளைங்க்கா?” என்றாள் சரோஜா.

“முருகனைப் பேசாதடி.”

மூன்றாவது சரணத்தை எடுத்துவிட்டோம். உங்கள் வீட்டு அடுக்கு, அது இது என்று வருகிறது. சாமி வீட்டில் ஏது அடுக்கு?

நிருவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சம்படத்தைப் பற்றி மட்டும் கேட்டேன். “பாட்டுலயே கேட்டாச்சேம்மா” என்றாள்.

ஐப்பசி 3, திங்கள். தீபாவளி

நிரு வரவில்லை. லீவு இல்லையாம். சஷ்டிக்கு வருகிறேன் என்றாள். அதிரசம் ஒரு ஈடு கெட்டிப்பட்டுவிட்டது. இவர் அதைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறார்.

பலகாரம் கொடுக்கச் செல்வநாயகி அக்கா வீட்டுக்குப் போனேன். சென்னையிலிருந்து பையன் ஹரிபிரசாத் வந்திருக்கிறான். நல்ல பையன். நிருவும் அவனும் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வருவார்கள், பெட்டியை எங்கள் வாசல் வரை தூக்கி வந்து வைத்துவிட்டுப் போவான். கோபிசெட்டிபாளையத்தில் பெரிய இடத்தில் பெண் பார்த்து முடிவு செய்துவிட்டார்கள். சஷ்டி முடிந்ததும் நிச்சயம். திருக்கல்யாணக் கட்டளை இந்த வருஷம் இவர்கள் குடும்பத்துடையது என்பதால் பெண் வீட்டாரும் அன்றைக்கு வந்து முன்வரிசையில் உட்காருவார்களாம்.

அக்கா சமையலறையிலிருந்து பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஹரிபிரசாத் காபி டம்ளரை வைத்துவிட்டான்.

“அம்மா, இந்தப் பாட்டு வேண்டாம். காப்பிரைட் பிரச்சனை வரும்.”

“முருகனுக்கு ஏதுடா காப்பிரைட்?”

“பாடுனவங்க கேஸ் போடுவாங்கம்மா.”

“பாடுனவளோட அம்மாவே இங்க உக்காந்திருக்கறா. கமலா, கேஸ் போடுவியா?”

“நான் எதுக்குங்க்கா போடறேன்” என்றேன்.

பையனுக்குக் காது சிவந்திருந்தது. பட்டாசுப் புகை ஒத்துக்கொள்ளவில்லை போல. நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, “ஆன்ட்டி, நிரு… நிரஞ்சனா திருக்கல்யாணத்துக்கு வர்றாங்களா?” என்று கேட்டான். வருகிறாள் என்றேன். வாசலில் புல்லட் நின்றது. இப்போது எல்லாப் பையன்களும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஐப்பசி 5, புதன்

சஷ்டிக் காப்புக் கட்டியாயிற்று. ஒரு வேளை பாலும் பழமும். பசியில் முருகனிடம் பேச்சுக் குறைவு.

ஐப்பசி 7, வெள்ளி

சூரசம்ஹாரத்தன்று அன்னதானம். அதற்குப் பருப்பு புடைக்கச் செல்வநாயகி அக்கா வீட்டில் கூடினோம். விரதக்காரிகள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பாட்டுச் சாமானையே பார்த்துக்கொண்டிருப்பது பெரிய சோதனை. சரோஜா ஒரு முந்திரிப்பருப்பை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

முறம் எடுக்க அடுக்களைக்குள் போனேன். மேல் அடுக்கில் ஒரு எவர்சில்வர் சம்படம் இருந்தது. பக்கவாட்டில் நசுங்கல்.

“அது நம்ம ஹரி சென்னையில இருந்து கொண்டாந்தது” என்றார் அக்கா, என் பின்னாலேயே வந்து. “கூட இருக்கற எந்தப் பையனோடதோ. முறுக்கு இருந்துச்சு. நல்ல கனம். இப்ப இந்த மாதிரி எங்க வருது?”

“ஆமாங்க்கா, வர்றதில்லை” என்றேன்.

எல்லா வீட்டுச் சம்படமும் நசுங்கத்தான் செய்யும். எக்கி எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. விரத காலத்தில் கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலத் தெரியும்.

முறுக்கு நன்றாக இருந்ததா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

ஐப்பசி 8, சனி

தொண்டை கட்டிக்கொண்டது. ஒத்திகைக்குப் போகவில்லை.

ஐப்பசி 9, ஞாயிறு

நிரு காலையில் வந்தாள். பெட்டியையும் கிட்டாரையும் இறக்கும் முன்பே போனைக் காட்டினாள். முந்தின ஒத்திகையைச் சரோஜா படம் பிடித்துப் போட்டிருக்கிறாள். பெண்களெல்லாம் பட்டையாக விபூதி பூசிக்கொண்டு “மயிலுல ஏத்திக்கிட்டுப் போனே” என்று பாடுகிறோம். கீழே யாரோ ‘ஓம் முருகா’ என்று எழுதி, இந்தப் பக்தையை வணங்குகிறோம் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

“பக்தையாம்மா நான்?”

“திருநீறு வெச்சுக்கிட்டா பக்தைதான்.”

“வெளையாடாத. அது என்ற பாட்டு. நான் அழுதுக்கிட்டே எழுதினது. நீ அதைத் தூக்கிச் சாமிகிட்டக் குடுத்துட்டே.”

“ஊரு கேட்டுச்சு, கண்ணு. நான் என்ன சொல்லட்டும்? எம் பொண்ண ஒருத்தன் பாதி வழியில எறக்கி உட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லட்டுமா?”

“ஆமா. அப்படித்தான் சொல்லோணும். அதைச் சொல்லத்தானே பாட்டே எழுதினேன்.”

தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். எனக்குத்தான் விரதம், அவள் சாப்பிட வேண்டுமே. “மூணாவது சரணத்த எதுக்கும்மா எடுத்தே?” என்றாள்.

“சாமி வீட்டுல ஏது அடுக்கு?”

“அவங்க வீட்டுல இருக்குதில்ல.”

யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தோசை தீய்ந்தது.

“அவங்கம்மா ஒத்துக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான்” என்றாள், தீய்ந்த தோசையையே பிய்த்துக்கொண்டு. “கேட்டுப் பாத்தியான்னேன். கேக்கவே இல்லியாம். கேக்காமயே தெரியுமாம்.”

“எப்ப?”

“ஆடியில.”

“உனக்கு அப்ப ஜலதோஷமில்ல?”

“அது ஜலதோஷம் இல்லம்மா.”

அடுத்த தோசையைத் தீயாமல் வார்த்தேன். நெய் விட்டேன்.

“ஒரு சம்படத்த நீ ஆறு மாசமாக் கேக்கறே” என்றாள். “நான் என்ற பாட்டத் திருப்பிக் கேட்டா மட்டும் தப்பாம்மா?”

கல்லை இறக்கி வைத்தேன். நாளை மறுநாள் திருக்கல்யாணம். பத்திரிகையில் பாட்டின் பேர் அச்சாகிவிட்டது, வள்ளி பாடும் பாட்டு என்று. செல்வநாயகி அக்கா இல்லாமல் இந்தக் காலனியில் எனக்கு மைக்கும் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை.

ஐப்பசி 10, திங்கள். சூரசம்ஹாரம்

சூரனுக்குத் தலை மாற்றும்போது சிங்கத் தலை கழன்று கமிட்டித் தலைவர் காலில் விழுந்தது. மற்றபடி நல்லபடியாக முடிந்தது.

முருகன் சூரனைக் குத்துகிறான். குத்திவிட்டு அவனையே மயிலாகவும் சேவலாகவும் கூடவே வைத்துக்கொள்கிறான். பெரிய மனசு. எனக்கு அவ்வளவு இல்லை.

முருகன் கணக்கு: நாளைக்கு ஒரு காரியம் இருக்கிறது. அதற்காக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. சொந்தப் பொறுப்பு.

ஐப்பசி 11, செவ்வாய். திருக்கல்யாணம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

முருகனுக்குப் பட்டு வேட்டி, தெய்வானைக்கு அரக்குச் சேலை. முன்வரிசையில் செல்வநாயகி அக்கா குடும்பம். ஹரிபிரசாத் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில் இருந்தான். பக்கத்தில் கோபிப் பெண். கண்ணாடி போட்ட, களையான பெண். நாங்கள் மேடைக்கு இந்தப் பக்கம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். நிரு பின்னால் தூணோரம் அப்பாவுடன் நின்றாள்.

அட்சதை கொடுக்க அக்கா எழுந்தார். கையில் அந்தச் சம்படம். மஞ்சள் அரிசி நிறைந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் நசுங்கல் நன்றாகத் தெரிந்தது.

“கமலா, ஆரம்பி” என்று சொல்லி மைக்கைத் தந்தார்.

ஆரம்பித்தேன். பல்லவி ஒழுங்காகத்தான் போயிற்று. இரண்டாவது சரணத்தில் எனக்கு மயில் வரவில்லை. புல்லட்தான் வந்தது. எங்கள் பெண்களிடம் ஒரு நல்ல பழக்கம், நான் எதை எடுத்துக் கொடுக்கிறேனோ அதையே திருப்பிப் பாடிவிடுவார்கள், யோசிக்க மாட்டார்கள். மொத்தக் குழுவும் கை தட்டிக்கொண்டு “புல்லட்டுல ஏத்திக்கிட்டுப் போனே” என்று முருகனைப் பார்த்துப் பாடியது. குருக்கள் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பஸ் காசு முடிந்தது. மூன்றாவது சரணம் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

*உங்க வீட்டு மேல் அடுக்குல*
*உக்காந்திருக்கு எங்கம்மா பேரு*
*தேச்சுத் தேச்சுக் கழுவினாலும்*
*தேயாது அது, எடுத்துப் பாரு*

பாடிக்கொண்டே எழுந்தேன். மைக் ஒயர் அக்கா நிற்கும் இடம் வரை எட்டியது. பல்லவியைத் திரும்ப எடுத்து, “அந்தச் சம்படத்தை மட்டும் குடுத்துரு” என்று கையை நீட்டினேன். அக்காவுக்கு அபிநயம் என்று தோன்றியிருக்க வேண்டும். பக்தியோடு சிரித்துக்கொண்டே கொடுத்தார். அரிசியைத் தாம்பாளத்தில் கொட்டிவிட்டுச் சம்படத்தைக் கவிழ்த்தேன்.

கோபிப் பெண்ணுக்கு நேராக அடிப்பக்கம் இருந்தது. படித்த பெண், எழுத்தைக் கண்டால் படிக்கும்தானே.

“கு. கமலவேணி” என்று வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி ஹரிபிரசாத்தைப் பார்த்தாள்.

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்தபடியே இருந்தார்.

“இது எப்படிடா நம்மூட்டுக்கு வந்துச்சு?” என்றார் அக்கா.

ஹரிபிரசாத் மேல் பொத்தானைக் கழற்றினான். “நிரு குடுத்தாம்மா.”

“எந்த நிரு?”

ஜமுக்காளத்திலிருந்து சரோஜாவின் குரல் கேட்டது. அவள் தனக்குள் சொல்லிக்கொள்வதாக நினைத்திருக்கிறாள். குழுவுக்கு வைத்திருந்த மைக் அவள் வாயருகே இருந்தது.

“அப்ப பஸ் காசு வாங்கினதும் இவந்தானா?”

கோயிலே கேட்டது. யாரோ தும்மினார்கள். அது தும்மல் இல்லை என்று பிறகு தெரிந்தது. தூணோரம் நிரு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிப்புதான். ஆடிக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

“முகூர்த்தம் தாண்டறது” என்றார் குருக்கள். “எல்லாரும் அட்சதை போடுங்கோ.” தாலி ஏறியது. தாம்பாளத்தில் கிடந்ததை ஆளுக்கொரு கை அள்ளினார்கள். முருகன் மேல் கொஞ்சம் விழுந்தது. ஹரிபிரசாத் மேல்தான் நிறைய விழுந்தது. சரோஜாவுக்குக் குறி தவறாது.

கோபிக்காரர்கள் சாப்பிடாமல் கிளம்பினார்கள். அந்தப் பெண் போகும்போது நிருவிடம் நின்று ஏதோ கேட்டாள். என்னவென்று நிருவிடம் கேட்டேன். “பஸ் காசு நெசமான்னு கேட்டாங்க. நெசம்னேன். எங்கிட்ட வாங்கினது பெட்ரோல் காசுன்னாங்க” என்றாள்.

பந்தி முடிந்து நான் இலை எடுக்கும்போது செல்வநாயகி அக்கா வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“உம் பொண்ணுன்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?” என்றார்.

“எனக்கெப்படிங்க்கா தெரியும்? உங்ககிட்டக் கேக்கவே இல்லியாமே.”

அக்கா குனிந்து ஓர் இலையை மடித்தார். “கேட்டுடலாமா, இப்ப?” என்றார், குரலை இறக்கி.

பின்னால் நின்ற நிரு சொன்னாள்: “வேண்டாங்க பெரியம்மா. எனக்குப் பாட்டு போதும்.”

அக்கா மைக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிடுவாரா தெரியாது. கூப்பிடாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பாடிக்கொள்கிறேன். முருகனுக்கு இங்கிருந்தும் கேட்கும்.

நான் மேடைக்குப் போனது சம்படத்துக்காக. வேறு ஒன்றும் இல்லை. அதில் என் பேர் இருக்கிறது.

ஐப்பசி 12, புதன்

விரதம் முடித்துச் சாப்பிட்டேன். பருப்பு, ரசம், அப்பளம்.

இவரிடம் மொட்டை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இருக்கறத எடுத்துக்கச் சொல்லு” என்றார்.

சம்படத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன். பேர் அப்படியே இருக்கிறது. உள்ளே மட்டும் மஞ்சள் கொஞ்சம் பிடித்திருக்கிறது.

பாத்திரக் கணக்கு: சம்படம் ஒன்று, வந்தது. மூடி வரவில்லை.

நிருவிடம் சொன்னேன். போய்க் கிட்டாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.